லோகோ ஷெட்டில் ஒரு குடில்

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு மறையுரை, பெரும்பாக்கம்



இன்றைய நற்செய்தி மாற்கு 13ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்கள். ஒருவர் வீட்டை விட்டு நெடும்பயணம் போகிறார். போகும்முன் பொறுப்பைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கிறார். ஆளுக்கு ஒரு வேலை. வாயில்காப்பவருக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை: விழித்திருக்க வேண்டும். தலைவர் திரும்பி வரும் நேரம் மாலையாக இருக்கலாம், நள்ளிரவாக இருக்கலாம், சேவல் கூவும் வேளையாகவோ விடியற்காலையாகவோ இருக்கலாம். உரோமையர்கள் மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இரவை நான்கு சாமங்களாகப் பிரித்திருந்தார்கள். ஆண்டவர் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார். கவனித்தீர்களா, நான்குமே இரவு நேரம்தான். பகலில் வருவார் என்ற பேச்சே இல்லை.

இரவில் விழித்திருந்து வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு முன்னால், நம் பங்கில் மூன்று வாரமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு குடிலை நீராவி எஞ்சின் லோகோ ஷெட் ஒன்றின் மாதிரியாகக் கட்டப் போவதாக இளைஞர்கள் சொன்னார்கள். கட்டி முடித்ததும் நல்ல புகைப்படங்கள் எடுத்துக் கோவில் முன்வாசலில் வைப்பார்களாம். பங்குப் பேரவையில் பேச்சு கொஞ்சம் சூடாகவே போனது. “பெத்லகேமில் ரயில் ஓடிச்சா ஃபாதர்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதிலை இந்தப் பீடத்திலிருந்து சொல்கிறேன் என்று அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன்.

முதலில், லோகோ ஷெட் என்றால் என்ன? நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதைக்கு 1931-லேயே மின்சாரம் வந்துவிட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் நீராவி எஞ்சின்தான் இழுத்தது. அந்த எஞ்சின்கள் ஓடாத நேரத்தில் வந்து நிற்கும் இடம்தான் ஷெட். பேசின் பிரிட்ஜ், அரக்கோணம், ஜோலார்பேட்டை, விழுப்புரம், பொன்மலை என்று ஊர் ஊராக இருந்தன. அவற்றைச் சுற்றி ரயில்வே காலனிகள். அந்தக் காலனிகளைச் சுற்றி நம் கத்தோலிக்கப் பங்குகளும் வளர்ந்தன. ஆங்கிலோ-இந்திய டிரைவர்களும் தமிழ்க் கலாசித் தொழிலாளர்களும் ஒரே கோவிலில் முழந்தாளிட்ட ஊர்கள் அவை.

ரயில் நிலையத்தில் பயணிகள் பார்த்த எஞ்சின் பளபளவென்று இருக்கும், கம்பீரமாக ஊதும். ஷெட்டுக்குள் அது வேறு. ஓடி முடித்து வந்ததும் நெருப்புப் பெட்டியிலிருந்து எரிந்த கங்குகளையும் சாம்பலையும் குழிக்குள் தள்ள வேண்டும். புகைப்பெட்டியைத் திறந்து கரித்தூளை வாரவேண்டும். தண்ணீர் ஏற்றி, கரி ஏற்றி, சக்கரம் வழுக்காமலிருக்க மணல் பெட்டியை நிரப்பி, சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் எண்ணெய் விட்டு, டர்ன்டேபிளில் வைத்துத் திருப்பி நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாயிலரை ஆறவைத்துக் கழுவி, உள்ளே படிந்த உப்பைச் சுரண்ட வேண்டும். பிறகு மறுபடி நெருப்பு. விறகும் எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட்டும் வைத்துப் பற்றவைத்தால், ஆறிக் கிடந்த பாயிலரில் நீராவி சேர ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக் கூடாது. தகடு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் போனால் குழாய்கள் ஒழுகத் தொடங்கும். ஆகவே காலை ஆறு மணி வண்டிக்கு நள்ளிரவில் ஒருவர் நெருப்பு மூட்டியிருப்பார். அந்த வண்டியில் ஏறியவர் எவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

இன்னொரு ஆளும் இருந்தார். அவரை ‘கால்பாய்’ என்பார்கள். கையில் ஒரு புத்தகத்தோடும் ஒரு விளக்கோடும் நடுச்சாமத்தில் காலனிக்குள் போய், டிரைவர் வீட்டுக் கதவையும் ஃபயர்மேன் வீட்டுக் கதவையும் தட்டுவார். இன்ன வண்டி, இன்ன நேரம் என்று சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மழையோ பனியோ, அவர் வராவிட்டால் வண்டி கிளம்பாது. மாற்கு எழுதிய வாயில்காப்பவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். தான் விழித்திருந்தால் மட்டும் போதாது, மற்றவர்களையும் எழுப்ப வேண்டும் என்பதே அவருடைய வேலை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி எஞ்சின் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் மலையேறுகிறது. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் உதகை வரை போட்ட பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் உழைத்துத் தேய்ந்தபோது, அதே வகை எஞ்சின்களை நம் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்களே 2010க்குப் பிறகு புதிதாகச் செய்து கொடுத்தார்கள். நீராவி எஞ்சினை உலகமே கைவிட்ட பிறகு, திருச்சியில் அதைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். குன்னூர் ஷெட்டுக்குப் போனால் நம் இளைஞர்கள் அட்டையில் செய்யப் பார்ப்பதை உயிரோடு பார்க்கலாம்: கரி, எண்ணெய், ஈரம், சூடு, காது அடைக்கும் இரைச்சல்.

பெரம்பூர் லோகோ பணிமனையையும் சொல்லாமல் போக முடியாது. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் நூறு ஆண்டுகளுக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் நம் பெரம்பூர்க்காரர்கள் அதைப் பிரித்து, இல்லாத பாகங்களைத் தாங்களே செய்து, மறுபடி ஓடவைத்தார்கள்.

இப்போது மாதிரிக்கு வருவோம். பெரியதைச் சிறியதாகச் செய்து பார்ப்பது விளையாட்டு என்று நினைக்கிறோம். விவிலியம் அப்படி நினைக்கவில்லை. விடுதலைப் பயண நூலில் கடவுள் மோசேயை மலைக்கு அழைத்துத் திருக்கூடாரத்தின் மாதிரியைக் காட்டுகிறார். அதைப் பார்த்துச் செய் என்கிறார். 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்ற கைவினைஞரின் பெயரைச் சொல்லி, தம் ஆவியால் அவரை நிரப்பியிருப்பதாகச் சொல்கிறார். எதற்காக நிரப்பினார்? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்காக, கல் இழைப்பதற்காக, மரம் செதுக்குவதற்காக. குறிப்பேடு முதல் நூலில் தாவீது தம் மகன் சாலமோனிடம் கோவிலின் வரைபடத்தைக் கொடுக்கிறார், கருவூல அறைகள் வரை எல்லாம் அதில் இருந்தன. நம் ஆண்டவரையே ஊரார் தச்சர் என்றுதான் அழைத்தார்கள்.

இளைஞர்கள் தேர்ந்தெடுத்த அளவு 87-ல் ஒரு பங்கு. மாதிரி ரயில் செய்பவர்கள் அதை எச்ஓ என்பார்கள். ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள வைபி என்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் இந்த அளவில் ஒரு சாண். மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலம். ஒரு ஃபயர்மேன் இரண்டு சென்டிமீட்டர் உயரம். பொருளெல்லாம் நம் வீட்டுக் குப்பையிலிருந்து வந்தது. அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே இருக்கும் நெளிதான் ஷெட்டின் தகரக் கூரை. பவுடர் டப்பா தண்ணீர்த் தொட்டி. ஊதுபத்திக் குச்சி குழாய். அடுப்புக்கரியை நொறுக்கிச் சலித்தால் கரிமேடை. காயவைத்த டீத்தூள் தரை. சாம்பல் குழிக்கு உண்மையான சாம்பல். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை நான் திருத்த வேண்டியிருந்தது. முதலில் எஞ்சினுக்குப் பளபளப்பான கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஷெட்டில் நிற்கும் எஞ்சின் பளபளக்காது. சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் துருவும் கரியும் படிந்த மாதிரி ஆக்கச் சொன்னேன். கடையில் பெட்டியோடு கிடைக்கும் பளிச்சென்ற பிளாஸ்டிக் குடில் செட்டுகளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. அதில் மரியாவுக்குக் களைப்பே இல்லை, யோசேப்பின் கையில் காய்ப்பே இல்லை.

ரயில் மாதிரிக்கும் குருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் நிறையவே இருந்தது. நம் குழந்தைகள் கைபேசியில் பார்க்கும் தாமஸ் என்ற நீல எஞ்சினை உருவாக்கியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலிக்கன் போதகர். தட்டம்மை வந்து படுத்திருந்த மகனுக்குக் கதை சொல்லத் தொடங்கி, போர்க்காலத் தட்டுப்பாட்டில் துடைப்பக் கட்டையை வெட்டி அவனுக்கு எஞ்சின் பொம்மை செய்து கொடுத்தவர். அவருடைய நண்பர் டெடி பாஸ்டன் என்ற போதகர் தம் போதகர் இல்லத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு நிஜ நீராவி எஞ்சினை ஓட்டினார். ஆட்ரியின் கதைகளில் வரும் ஒல்லிச் சாமியாரும் குண்டுச் சாமியாரும் இவர்கள் இருவர்தான். பீட்டர் டெனி என்ற இன்னொரு போதகர் 1940களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஒரே மாதிரி ரயில் பாதையைக் கட்டிக்கொண்டே இருந்தார். உடனிருந்து சிக்னல் கொடுக்க மகன் கிரிஸ்பின் இல்லாத நேரத்துக்கென்று ஓர் எந்திரம் செய்து, அதற்கு மகன் பெயரையே வைத்தார். நம் சபையார் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். பொறுமையை அவர்களிடம் கற்றுக்கொள்வதில் தவறொன்றுமில்லை. ஆனால் ஒன்று: நம் பங்கில் திருப்பலி நேரத்தில் ரயில் ஓடக் கூடாது. மினுக்கு விளக்கும் கூடாது. இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சரி, பெத்லகேமில் ரயில் உண்டா? கிரேச்சோவில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபமே இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை. அவ்வளவுதான். அங்கேயே திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அந்த ஊர் மக்களுக்குத் தினமும் தெரிந்த தொழுவத்தில் ஆண்டவர் பிறந்ததை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். நேப்பிள்ஸ் நகரத்தார் 18ஆம் நூற்றாண்டில் குடிலுக்குள் தங்கள் சந்தையையும் சத்திரத்தையும் மீன்காரரையும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் அவர்களிடம் பெத்லகேமில் நேப்பிள்ஸ் உண்டா என்று கேட்கவில்லை.

தொழுவம் என்பது என்ன? பகலெல்லாம் உழைத்த மாட்டை இரவில் கட்டி, தீனி போட்டு, தண்ணீர் காட்டி, சாணம் வாரி, மறுநாள் வேலைக்குத் தயாராக்கும் இடம். லோகோ ஷெட் செய்ததும் அதேதான். விருந்தினர் வராத இடம், வாடை அடிக்கும் இடம். லூக்கா எழுதிய தீவனத் தொட்டியைச் சாம்பல் குழிக்குப் பக்கத்தில் ஒரு கரிச்சாக்காக மாற்றியதில் இளைஞர்கள் விவிலியத்துக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை. வழக்கை முடித்துவிட்டேன். குடில் ஷெட்டாகவே இருக்கும்.

ஆனால் இந்த மறையுரைக்கு உண்மையான காரணம் புகைப்படம். போன வாரம் சிலர் மாதிரி முன்னால் நின்றுகொண்டு கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். எனக்கும் அனுப்பினார்கள். பார்த்தால் அட்டையும் டீத்தூளும் பொம்மையும்தான் தெரிந்தது. பிறகு ஒரு பெண் தரையில் படுத்து, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஃபயர்மேனின் கண் உயரத்துக்கு வரும்படி வைத்து எடுத்தாள். அந்தப் படத்தில் எஞ்சின் மலைபோல நின்றது. கூரை தலைக்கு மேலே இருந்தது. ஃபயர்மேன் ஒரு மனிதராக இருந்தார்.

இவ்வளவு கிட்டத்தில் போனால் லென்ஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. சில மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், முன்னும் பின்னும் மங்கிவிடும். அதனால் கைபேசியை அசைக்காமல் பொருத்தி, முதலில் பக்கத்திலிருக்கும் கரிக்குவியல், அடுத்து எஞ்சின், அடுத்து பின்சுவர் என்று ஒவ்வொன்றையும் தெளிவாக்கித் தனித்தனியே எடுத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நெருங்கிப் போனவுடன் இன்னொன்றும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஃபெவிகால் நூல், கட்டைவிரல் ரேகை, தூசி, எல்லாம் படத்தில் வந்துவிட்டன. அவற்றைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். திருவருகைக் காலத்து ஒப்புரவு அருளடையாளத்துக்கு நீங்கள் வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மேலிருந்து பார்த்தால் பொம்மை, கீழே இறங்கிப் பார்த்தால் மனிதர். இன்றைய முதல் வாசகத்தில் எசாயா, வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி வரக் கூடாதா என்று கடவுளிடம் கெஞ்சுகிறார். அந்த வேண்டுதலுக்கு வந்த பதில் இடியும் மின்னலும் அல்ல. கடவுள் நம் கண் உயரத்துக்கு இறங்கி வந்தார். முதலில் இன்னும் தாழ்வாக, தரையில் கிடக்கும் ஒரு குழந்தையின் உயரத்துக்கு.

நம் பெரும்பாக்கத்தை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? வரிசை வரிசையாக எட்டு மாடிப் பெட்டிகள், ஒரு ஏரி, ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சாலை நடுவே சோழிங்கநல்லூரை நோக்கி வளரும் மெட்ரோ தூண்கள். திட்டம் போடுகிறவர்கள் பார்க்கும் படம் அது. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் உங்களில் பலரை இங்கே கொண்டுவந்தபோதும், மேலிருந்து எடுத்த அப்படி ஒரு படத்தைத்தான் பார்த்திருப்பார்கள். கீழே இறங்கிப் பாருங்கள். இருட்டு விலகாத நேரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பழைய பேட்டைக்கே வீட்டு வேலைக்குப் போகும் அக்கா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து, வீங்கிய காலோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் தங்கை இருக்கிறாள். ஓஎம்ஆர் கம்பெனிகளுக்கு நள்ளிரவில் கேப் ஓட்டும் தம்பி இருக்கிறார். மெட்ரோ தூணின் மேல் இரவு விளக்கில் கம்பி கட்டும், நம் மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளி இருக்கிறார். அப்பார்ட்மென்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தா, மாற்கு சொன்ன அதே வாயில்காப்பவர். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? தூங்கிவிட்டார் என்று திட்டத் தெரிகிறது நமக்கு.

விழித்திருங்கள் என்ற கட்டளையை நாம் செபத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். விழித்திருப்பது பலருக்குச் சம்பளம். பலருக்கு அது உடம்பைத் தின்னும் நோய். ஆண்டவர் இரவில் வந்தால் இந்த ஊரில் அவரை முதலில் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பெத்லகேமில் முதலில் பார்த்தவர்களும் இரவு ஷிப்டில் இருந்தவர்கள்தான், கிடைக்குக் காவல் இருந்த இடையர்கள்.

ஆகவே குடிலுக்கு ஒரு மாற்றம் சொல்லியிருக்கிறேன். ஷெட்டில் ஃபயர்மேன், கலாசி, கால்பாய் மட்டும் போதாது. ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் இரவு வேலை செய்யும் ஒருவரை இரண்டு சென்டிமீட்டர் உருவமாகச் செய்து கொடுக்க வேண்டும். களிமண்ணோ கம்பியோ எதுவானாலும் சரி. செய்வதற்கு முன்னால் அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. படம் எடுப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்காதீர்கள்.

உருவங்களைத் திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறுக்குள் இளைஞர்களிடம் சேர்த்துவிடுங்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்காக டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்கே ஒரு திருப்பலி வைக்கிறோம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு 25 காலை எட்டரைக்கு இன்னொன்று. வர முடியாதவர்களின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். நற்கருணையோடு நான் அங்கே வருகிறேன்.